மாமனார் மாட்டிய இரண்டாவது லைன்

மதிப்பிற்குரிய மாப்பிள்ளை அவர்களுக்கு,

மாமா எழுதிக்கொள்வது. நீங்களும் மகளும் சௌக்கியமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். நானும் உங்கள் அத்தையும் சௌக்கியம். பட்டறைதான் சௌக்கியமில்லை. நேற்று மத்தியானம் பன்னிரண்டே காலுக்குப் படுத்த இன்டர்நெட், இதை எழுத உட்காரும் இன்று காலை பதினோரு மணி வரைக்கும் எழுந்திருக்கவில்லை. அதனால்தான் காகிதமும் பேனாவும். போனில் பேசலாமே என்று நீங்கள் கேட்பீர்கள், நியாயம்தான். காலையிலிருந்து மூன்று தடவை உங்கள் நம்பரை எடுத்தேன், மூன்று தடவையும் ‘ஹலோ’வுக்கு அடுத்து என்ன சொல்வது என்று தெரியாமல் அழுத்தாமலே வைத்துவிட்டேன். கடிதத்தில் ஒரு வசதி உண்டு, எதிரில் இருப்பவர் ‘ம்’ சொல்கிறாரா இல்லையா என்று காது கொடுத்துக் காத்திருக்க வேண்டியதில்லை. லென்ஸ் பார்சல் எடுக்கும் கூரியர்காரர் நான்கு மணிக்கு வருவார், அவரிடம் கொடுத்துவிடலாம் என்று மேல்மாடியில் ஃபிரேம் பெட்டிகளுக்கு நடுவே ஸ்டூலைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன்.

ஐந்து மாதத்துக்கு முந்தைய அந்த ஞாயிற்றுக்கிழமைச் சாப்பாட்டை நீங்கள் மறந்திருந்தால் நல்லது, ஆனால் மறந்திருக்க மாட்டீர்கள். நானும் மறக்கவில்லை. அந்த வாரம் மட்டும் மூன்று நாள், கண்ணாடிக் கடைகளிலிருந்து ஆர்டர் வந்து குவிகிற காலை நேரமாகப் பார்த்து லைன் போயிருந்தது. எனக்கு ஏகப்பட்ட எரிச்சல். யார் மேல் காட்டுவது என்று தெரியாமல் இருந்தபோது நீங்கள் எதிரில் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தீர்கள். கண்டவனும் பட்டறைக் கம்ப்யூட்டருக்குள் நுழையாமல் வாசலில் நின்று காவல் காப்பதற்காக, இரண்டு ஞாயிற்றுக்கிழமை தூக்கத்தை விட்டு நீங்கள் பொருத்திக் கொடுத்த ஃபயர்வால் பெட்டி அது. அதைப் போய், உங்கள் அப்பா அம்மா இருவரும் இலைக்கு முன்னால் இருக்கும்போதே, “மாப்பிள்ளை என்னைக்கு அந்தப் பெட்டியக் கொண்டுவந்து வெச்சாரோ, அன்னைக்குப் பிடிச்சது பட்டறைக்குக் கேடு” என்று சொன்னேன். சம்பந்தியம்மா கரண்டியைப் பாத்திரத்திலேயே வைத்துவிட்டார். நீங்கள் கோபப்படவில்லை. “மாமா, பெட்டி நல்லாத்தான் இருக்கு. வெளியில இருந்து வர்ற லைன்தான் அறுந்து அறுந்து போகுது. வேற கம்பெனியில இன்னொரு லைன் வாங்கி வைங்க, நானே வந்து பெட்டியில சேத்துத் தர்றேன். முதல் லைன் போனா அதுவா ரெண்டாவதுக்கு மாறிக்கும், உங்களுக்குத் தெரியக்கூடத் தெரியாது” என்றீர்கள். அதற்கு நான் சொன்ன பதில்தான் இந்த ஐந்து மாதமாக என் தொண்டையில் நிற்கிறது. “வேணாம், உங்களுக்கு ஏன் வீண் சிரமம்? எனக்கும் ரெண்டு கை இருக்கு.” நீங்கள் மோரைக் குடித்துவிட்டு எழுந்து கை கழுவப் போனீர்கள், அதற்குப் பிறகு இந்த வீட்டுப் படியேறவில்லை.

உங்களைக் குறை சொல்லவில்லை. நானாக இருந்தால் மோரைக்கூடக் குடித்திருக்க மாட்டேன்.

சரி, கதைக்கு வருகிறேன். போன வாரம் எங்கள் தெருவைத் தோண்டினார்கள். எதற்கு என்று கேட்டதற்கு, போன தடவை தோண்டியதைச் சரிசெய்ய என்றார்கள். முதல் நாளே லைன் போய், ஒரு முழு நாள் போன் வழியாகவே ஆர்டர் எடுத்தோம். அப்போதுதான் நீங்கள் சொன்ன இரண்டாவது லைன் ஞாபகம் வந்தது. நீங்கள் சொன்னதைச் செய்வேன், ஆனால் நீங்கள் இல்லாமல் செய்வேன் என்று ஒரு வீம்பு. நேற்றுக் காலை வேறு கம்பெனி லைன்காரர் ஒருவர் வந்து, சுவரில் ஓட்டை போட்டு, ஒயரை இழுத்து, ஒரு வெள்ளைப் பெட்டியை ஆணியில் மாட்டினார். “ஃபயர்வால்ல சேக்கறது எங்க வேலை இல்ல சார், அதை வெச்சவங்களையே கூப்பிட்டுக்குங்க” என்று கிளம்பப் பார்த்தார். நான் விட்டேனா? உங்கள் பெட்டிக்கு ஒரு நம்பர் உண்டல்லவா, நூற்றுத் தொண்ணூற்றிரண்டில் ஆரம்பித்து ஐம்பது, ஒன்று என்று முடியுமே, நீங்களே ஸ்டிக்கரில் எழுதி ஒட்டியிருக்கிறீர்கள். லைன்காரரின் வெள்ளைப் பெட்டியில் அந்த ஐம்பது இருந்த இடத்தில் வேறு நம்பர் இருந்தது. எனக்கு மனசு ஒப்பவில்லை.

மாப்பிள்ளை, முப்பத்திரண்டு வருஷமாக லென்ஸ் அரைக்கிறேன். எங்கள் தட்டில் இரண்டு குழி, வலக் கண்ணுக்கு ஒன்று, இடக் கண்ணுக்கு ஒன்று. இரண்டு கண்ணுக்கும் ஒரே நம்பர் வந்தால் அதைப் போல நிம்மதி வேறு கிடையாது, இடம் மாறினாலும் ஆபத்தில்லை. இரண்டும் வேறுவேறாக வந்தால்தான் ஒன்றுக்கு நான்கு தடவை பார்க்க வேண்டும். அந்தப் பழக்கத்தில் நான் லைன்காரரிடம், “இதையும் ஐம்பதுன்னே மாத்திடுங்க, ஜோடி பொருந்தணும்” என்றேன். அவர் முழித்தார். “சார், ரெண்டுக்கும் ஒரே நம்பர் வெக்கக் கூடாது சார்.” “தம்பி, நான் முப்பத்திரண்டு வருஷமா நம்பரோடதான் குடித்தனம் பண்றேன்.” அவர் பையிலிருந்து லேப்டாப்பை எடுத்தார். மாற்றிக் கொடுத்துவிட்டு, தன் தாளில் ‘வாடிக்கையாளர் வற்புறுத்தியதால்’ என்று எழுதி என்னிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டு போனார். அப்போதாவது எனக்கு உறைத்திருக்க வேண்டும்.

அப்புறம், அவசரத்துக்கு மட்டும் என்று நீங்கள் எழுதி ஒட்டிக் கொடுத்த பாஸ்வேர்டு உறையைப் பிரித்தேன். ஆர்டர் மேசையில் இருக்கும் அம்மாவைக் கம்ப்யூட்டர் முன்னால் உட்காரவைத்தேன். அந்தம்மா உறையையும் என்னையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, “சார், மாப்பிள்ளை சாரை ஒரு வார்த்தை கேட்டுக்கலாமா?” என்றார். “அந்தப் பேச்சே வேணாம்” என்றேன். ‘லைன் 2’ என்று நீங்கள் பெயர் எழுதி வைத்திருந்த ஓட்டையில்தான் ஒயரைச் சொருகினேன், அதில் தப்பு இல்லை. திரையில் சிவப்பு எழுத்தில் இங்கிலீஷில் நாலு வரி வந்தது. பட்டறையில் சிவப்புத் தட்டு என்றால் அவசர ஆர்டர், கையை எடுக்காமல் முடி என்று பொருள். நான் கையை எடுக்கவில்லை. ஆனாலும் லைன் வரவில்லை, விளக்கு மஞ்சளாகவே சிமிட்டிக்கொண்டிருந்தது. பக்கத்திலேயே அதே அளவில், அதே வடிவத்தில் இன்னும் நாலு ஓட்டை. ‘பட்டறைக்குள்’ என்று நீங்கள் எழுதியிருந்தீர்கள். லைனும் பட்டறைக்குள்தானே வர வேண்டும் என்று ஒயரைப் பிடுங்கி அதில் சொருகினேன். பச்சை விளக்கு பளிச்சென்று எரிந்தது. அந்தப் பச்சையைப் பார்த்ததும் எனக்கு வந்த சந்தோஷத்தை இப்போது நினைத்தால் கூசுகிறது.

உடனே மெஷின்களை நிறுத்தச் சொல்லி, பதினோரு பேரையும் கூப்பிட்டு வரிசையாக நிற்கவைத்தேன். எல்லார் கண் முன்னாலும் பழைய லைன் ஒயரைப் பிடுங்கினேன். என் கம்ப்யூட்டரில் இன்டர்நெட் நிற்காமல் ஓடியது. பாலிஷ் மாஸ்டர் ஈரக் கையோடு கைதட்டினார். நான் ஒரு சின்னப் பேச்சு வேறு பேசினேன். பேசியதை எழுத வெட்கமாக இருக்கிறது, ஆனால் யார் வாயிலாவது உங்கள் காதுக்கு வருவதற்குள் நானே சொல்லிவிடுகிறேன். “பாத்தீங்களா? இதுக்குப் போய் மாப்பிள்ளை வேணும், என்ஜினியர் வேணும்னா எப்படி? மூளை இருந்தாப் போதும்.” யாரும் சிரிக்கவில்லை. ஆர்டர் மேசை அம்மா மட்டும் குனிந்து ஏதோ கோப்பைத் தேடுவது போல இருந்தார்.

கால் மணி நேரம். அவ்வளவுதான். பிடுங்கிய ஒயரைத் திரும்பச் சொருகிவிட்டு நான் காப்பி குடித்துக்கொண்டிருந்தேன். முதலில் லென்ஸ் வெட்டும் மெஷின் ஆர்டர் வரவில்லை என்று நின்றது. அப்புறம் பிரிண்டர் காணாமல் போனது, அதாவது இருந்த இடத்தில்தான் இருந்தது, எந்தக் கம்ப்யூட்டருக்கும் அது கண்ணில் படவில்லை. ஒரு கம்ப்யூட்டரில் இன்டர்நெட் வரும், அடுத்ததில் வராது, இதைச் சரிபார்த்துவிட்டுத் திரும்பினால் அதில் வந்து இதில் போயிருக்கும். காரணம் எனக்கு அப்போது தெரியவில்லை. சாயங்காலம் லைன் கம்பெனியின் உதவி எண்ணில் ஒரு பெண்மணிதான் விளக்கினார். ஒரே தெருவில் இரண்டு வீட்டுக்கும் ஒரே கதவு எண் இருந்தால் தபால்காரர் என்ன செய்வாரோ, அதைத்தான் எங்கள் கம்ப்யூட்டர்கள் எல்லாம் செய்துகொண்டிருந்தனவாம். “ரெண்டு பெட்டிக்கும் ஒரே நம்பரா? யாரு சார் வெச்சது?” என்று கேட்டார். “தெரியலம்மா, யாரோ வெச்சிருக்காங்க” என்றேன். தாளில் என் கையெழுத்து இருப்பது அவருக்குத் தெரியாது.

ஆனால் அவரைக் கூப்பிடுவதற்கு முன்பே பெரிய பாவத்தைச் செய்து முடித்திருந்தேன். எல்லாம் தாறுமாறானபோது பாலிஷ் மாஸ்டர், “எங்க வீட்டுப் பெட்டியில சின்னதா ஒரு துவாரம் இருக்குங்க, பத்து செகண்டு குத்திப் பிடிச்சா புதுசு மாதிரி ஆயிடும்” என்றார். உங்கள் பெட்டியிலும் துவாரம் இருந்தது. கண்ணாடிக் காதுத் திருகை முடுக்கும் குட்டி ஸ்க்ரூடிரைவரை எடுத்துக் குத்தி, பத்து போதாதோ என்று இருபது வரை எண்ணினேன். மாஸ்டர் சொன்னது பொய்யில்லை. பெட்டி புதுசு மாதிரியே ஆகிவிட்டது. யாரையும் தெரியாது, எதுவும் ஞாபகமில்லை. எந்தக் கடை ஆர்டர் எந்த வழியாக வர வேண்டும், வெட்டும் மெஷின் யாரோடு பேச வேண்டும், யாரை உள்ளே விடக் கூடாது என்று நீங்கள் இரண்டு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து சொல்லிக்கொடுத்தது அத்தனையும் இருபது எண்ணுவதற்குள் போய்விட்டது. பன்னிரண்டே கால் என்று முதலில் எழுதினேனே, அது இதுதான். இன்டர்நெட் தானாகப் படுக்கவில்லை, நான் படுக்கவைத்தேன்.

அப்போதிலிருந்து திரும்பவும் போனில் ஆர்டர். அவசரத்தில் ஒரு அம்மாவுக்கு வலக் கண் நம்பரை இடக் கண்ணுக்கும் இடக் கண் நம்பரை வலக் கண்ணுக்கும் நானே என் கையால் சீட்டில் எழுதிக் கொடுத்துவிட்டேன், மாஸ்டர் அதைப் பார்த்துக் கையாலேயே லென்ஸ் வெட்டி அனுப்பிவிட்டார். பக்கத்துக் கண்ணாடிக் கடைக்காரர்தான், சாயங்காலமே கூப்பிட்டார். “அண்ணே, உங்க கண்ணாடியப் போட்டுக்கிட்டு ஒரு அம்மா என் கடைப் படியில நிக்கறாங்க. மூணு படிதான் இருக்கு, அவங்க நாலாவதைத் தேடறாங்க.” நல்லவேளை அடிபடவில்லை. நான் போனிலேயே மன்னிப்புக் கேட்டேன். கடைக்காரரிடம் கேட்க வந்த வாய், ஐந்து மாதமாக உங்களிடம் கேட்க வரவில்லை. அதுதான் எனக்கே புரியவில்லை.

பெட்டி படுத்ததிலிருந்து நேற்று முழுக்க நான் அதை விட்டு அசையவில்லை. காய்ச்சல்காரனுக்குப் பக்கத்தில் இருப்பது போல நாற்காலி போட்டு உட்கார்ந்துவிட்டேன். சாப்பாடு கொண்டுவந்த உங்கள் அத்தை கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டு, “என்னங்க, நீங்க முறைச்சுப் பாத்தா அது சரியாயிடுமா? மாப்பிள்ளைகிட்ட ஒரு வார்த்தை கேட்டா உங்க தலை என்ன இறங்கியா போயிடும்?” என்றாள். போயிடாது. போகாது என்பது எனக்கும் தெரியும்.

மகளைப் பற்றியும் ஒன்று எழுத வேண்டும். வாரத்தில் மூன்று நாள் போன் செய்கிறாள். நான் எடுத்தால், “சாப்டீங்களாப்பா? அம்மாகிட்ட குடுங்க” என்பாள். முதல் கேள்விக்கு நான் பதில் சொல்வதற்குள் இரண்டாவது வந்துவிடும். முன்பெல்லாம் பட்டறையில் என்ன நடந்தது, யாருக்கு என்ன கண்ணாடி என்று அரை மணி நேரம் கேட்பவள். அவள் மேல் தப்பில்லை. கட்டியவரை அவர் அப்பா அம்மா எதிரில் அவமானப்படுத்திய மனிதரோடு என்னத்தைப் பேசுவாள்? நான் போனை உங்கள் அத்தையிடம் கொடுத்துவிட்டு, அவர்கள் பேசுவதைப் பக்கத்து அறையிலிருந்து கேட்டுக்கொண்டிருப்பேன். இது எனக்கு ரொம்பக் கஷ்டமாக இருக்கிறது, மாப்பிள்ளை.

ஆகவே பெரிய மனசு பண்ணி ஒருநடை வந்து பெட்டியைச் சரிசெய்து கொடுக்கும்படி கேட்டுக்கொள்கிறேன். உங்களை விட்டால் வேறு ஆள் இல்லை. பெட்டியின் மேல் என்றைக்கும் தப்பு இருந்ததில்லை. இதை உங்கள் அப்பா அம்மாவிடமும் நானே நேரில் வந்து சொல்கிறேன், அவர்கள் எதிரில் சொன்ன வார்த்தையை அவர்கள் எதிரில்தான் திரும்ப எடுக்க வேண்டும். நீங்கள் வேலை பார்க்கும்போது நான் கீழேயே இருக்க மாட்டேன், மேலே வந்து இதே ஸ்டூலில் உட்கார்ந்துகொள்கிறேன். வேலை முடிந்து, மனசிருந்தால் சாப்பிட்டுப் போகலாம். அவசரமென்றால் வேண்டாம். வேலை இருக்கிறது என்று வந்தால் போதும், மற்றதற்காக நான் உங்களை வற்புறுத்த மாட்டேன்.

நீங்களும் மகளும் ஒரு குறையும் இல்லாமல், என் போன்ற மாமனார் இருந்தும்கூட மனஸ்தாபம் இல்லாமல், நீண்ட காலம் நன்றாக இருக்க வேண்டும் என்று மனமார ஆசீர்வதிக்கிறேன். உங்கள் அப்பாவுக்கு என் வணக்கத்தைச் சொல்லவும். அம்மாவுக்கும் சொல்லவும், அவர் கேட்கும் மனநிலையில் இருந்தால்.

இப்படிக்கு,
தங்கள் அன்புள்ள மாமா

பி.கு.: கடிதத்தை மடித்து உறையில் போடும்போது கீழே வெட்டும் மெஷின் ஓடும் சத்தம் கேட்டது. பிரமை என்று நினைத்தேன். படியிறங்கி ஓடிப் பார்த்தால் நிஜமாகவே ஓடுகிறது, பிரிண்டர் தாள் தாளாகத் துப்புகிறது. ஆர்டர் மேசை அம்மா தோளுக்கும் காதுக்கும் நடுவில் போனை இடுக்கிக்கொண்டு, “ஆமாங்க, ரெண்டுலயும் பச்சை வந்துடுச்சு” என்று யாரிடமோ சொல்லிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் முகம் வெளிறிவிட்டது. யார் என்று நான் கேட்கவில்லை. எனக்குத் தெரிந்துவிட்டது.

“நேத்தே கேட்டிருப்பேன் சார், நீங்க பெட்டிய விட்டு நகரவே இல்லையே, எப்படிப் பேசறது? காலையில நீங்க மேல போன உடனே கூப்பிட்டுட்டேன்” என்றார். நான் மேலே உட்கார்ந்து உங்களுக்கு எழுதிக்கொண்டிருந்த இந்த இரண்டு மணி நேரமும் நீங்கள் கீழே போனில் இருந்திருக்கிறீர்கள். பெட்டிக்குச் சொல்லிக்கொடுத்த அத்தனைக்கும் ஒரு நகல் எடுத்து அந்தம்மாவிடம் ஏற்கெனவே கொடுத்து வைத்திருந்தீர்களாம், அதைப் பெட்டியில் ஏற்றி, வெள்ளைப் பெட்டியின் நம்பரை மாற்றி, ‘லைன் 2’ ஓட்டையில் சொருகவைத்து, பழைய லைனைப் பிடுங்கிச் சோதித்தும் பார்த்தாயிற்றாம். பிடுங்கியபோது ஒருத்தருக்கும் தெரியவில்லை. மேலே இருந்த எனக்கும்தான். ஐந்து மாதத்தில் இப்படி நாலு தடவை நடந்திருக்கிறது என்றும் சொன்னார். “போன எடுத்ததும் பெட்டியப் பத்திக் கேக்க மாட்டாரு சார். மாமா டென்ஷனா இருக்காரா, நேரத்துக்குச் சாப்பிட்டாரான்னுதான் முதல்ல கேப்பாரு.” சொல்லிவிட்டு, “பேசறீங்களா சார்?” என்று போனை நீட்டினார். நான் பயந்து மறுபடி மாடிக்கு ஓடிவந்துவிட்டேன். அந்தச் சத்தம் உங்களுக்கும் கேட்டிருக்கும்.

ஆக, மேலே எழுதியதெல்லாம் வீண். வந்து சரிசெய்து கொடுங்கள் என்று கேட்டேனே, சரிசெய்ய இங்கே எதுவும் இல்லை. இரண்டு லைனும் ஓடுகிறது, மெஷின் ஓடுகிறது, பிரிண்டர் ஓடுகிறது. அந்தம்மா போனை வைத்த பிறகு திரும்ப இறங்கி, உங்களைக் கூப்பிட ஏதாவது ஒன்றாவது கெட்டுப்போயிருக்காதா என்று அரை மணி நேரமாகப் பட்டறையைச் சுற்றி வந்துவிட்டேன், ஒன்றும் அகப்படவில்லை. உங்களுக்கு இங்கே ஒரு வேலையும் இல்லை.

ஞாயிற்றுக்கிழமை வாருங்கள்.